ஒரு நாள் முந்திப் பிறந்தவர்கள்

"அண்ணா, எங்கட அம்மாவின்ர பிறந்த திகதியை உங்கட புரோகிராம் மாத்திப் போட்டுது."

மாங்குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்னக் கூட்டுறவுச் சங்கத்தில் தரவு பதிகிற தங்கச்சி ஒரு பின்னேரம் போன் எடுத்துச் சொன்னாள். அடிக்கும்போது விரல் தவறியிருக்கும், இன்னொருக்கால் பார் என்று சொன்னேன். அவள் விடவில்லை. "நான் 12 தான் அடிச்சனான். திரும்பத் திறந்து பார்த்தால் 11 எண்டு நிக்குது. பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அப்பிடித்தான்."

அன்றிரவு கிளிநொச்சியில் என் அறையில் இருந்து அதே திகதியைப் போட்டுப் பார்த்தேன். 12 மே 1975. சேமித்துவிட்டுத் திறந்தேன். 11 மே 1975. அவள் சொன்னது சரி. அதுவரை பதிந்த எல்லா அங்கத்தவரையும் என் நிரல் ஒரு நாள் முந்திப் பிறந்தவர்களாக்கி வைத்திருந்தது.

அந்தச் சங்கத்தின் பதிவேடுகளை இணையத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று நானாகக் கேட்டு வாங்கிய வேலை அது. பழைய கொப்பிகள் பல இடப்பெயர்வுகளில் போய்விட்டன. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய சனம் கையில் கொண்டுவந்த துண்டுகளை வைத்துத் திரும்பவும் எழுதிய பதிவேடுகள்தான் மிச்சம். கடனுக்கு வயது எல்லை உண்டு, சிறுவர் சேமிப்புக்கு ஓர் எல்லை, முதியோருக்கு வேறொன்று. ஆகவே பிறந்த திகதி சரியாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்ப்பதை ஒரு மணித்தியால வேலை என்று கணக்குப் போட்டிருந்தேன். நான்கு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம் என்று ஒரு வடிவப் பொருத்தம் எழுதினால் முடிந்தது என்ற நினைப்பு. வடிவம் பொருந்தினால் போதும் என்றால் பெப்ரவரி 31ம் நல்ல திகதிதான்.

எத்தனை பேருடைய திகதி பிழைத்திருக்கிறது என்று அறிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்தேன். நம் அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கத்தில் நிற்கிறது, நாள் எண்ணுகிற முறை அதேதான். இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் காட்ட ஒரு சின்ன நிரல் எழுதி ஓடவிட்டேன்.

எல்லோருக்கும் ஒரு நாள் வித்தியாசம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிலருக்கு ஒரு நாள், பலருக்கு இரண்டு நாள் என்று வந்தது. பிழையில்கூட ஓர் ஒழுங்கு இல்லையென்றால் எப்படித் திருத்துவது? விடியப்புறம் வரை அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில்தான் பிடிபட்டது: ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கு ஒரு நாள். 1976, 1984, 1992 போன்ற லீப் ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கும் ஒரு நாள். சாதாரண ஆண்டுகளில் மார்ச்சிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மட்டும் இரண்டு.

அடையாள அட்டை எல்லா ஆண்டுக்கும் 366 நாள் கணக்குத்தான் வைக்கிறது. லீப் ஆண்டோ இல்லையோ, அதன் கணக்கில் பெப்ரவரிக்கு 29 நாள், மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள். அந்தத் தங்கச்சியின் அம்மாவின் அட்டை 75633 என்று தொடங்குகிறது. 500ஐக் கழித்தால் 133. அட்டையின் கணக்கில் அது மே 12. 1975இன் சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் மே 13. நான் சாதாரண நாட்காட்டியில் எண்ணியிருந்தேன். படிவம் ஒரு நாளைப் பின்னே இழுக்க, ஒப்பீடு ஒரு நாளை முன்னே தள்ள, நடுவில் இரண்டு நாள். ஒப்பீட்டைத் திருத்தியதும் ஒன்றிரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் ஒரே நாள் வித்தியாசம் வந்தது. அட்டை இலக்கத்தை வைத்துச் சரிபார்க்கிற எவரும் இதைக் கவனியுங்கள். இல்லாவிட்டால் சரியாகச் சொன்ன சனத்தைப் பிழைகாரர் ஆக்கிவிடுவோம்.

சரி, படிவம் ஏன் ஒரு நாளைத் தின்றது? உலாவிக்குள் படிவத்தை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தனியாகத் திகதி என்றொரு பொருள் அப்போது என் கையில் இருக்கவில்லை. இருந்தது நேரத்தின் ஒரு புள்ளி. நான் பயன்படுத்திய நாட்காட்டிப் பெட்டி, மே 12 என்று தெரிவு செய்தால் மே 12 நள்ளிரவு 12 மணி, உள்ளூர் நேரம், என்று ஒரு புள்ளியைத் தரும். அதைத் தரவைச் சேமிக்கிற கணினிக்கு, அதாவது வழங்கிக்கு, அனுப்பும்போது நான் யூடிசி என்கிற உலகப் பொது நேர எழுத்தாக மாற்றினேன். நாங்கள் யூடிசியிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறோம். இங்கே நள்ளிரவு என்றால் அங்கே முதல் நாள் மாலை 18:30. அந்த எழுத்திலிருந்து முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்துச் சேமித்தேன். அது மே 11. கனடாவில் இருக்கிற மச்சானிடம் அதே படிவத்தை நிரப்பிப் பார்க்கச் சொன்னேன். அவனுக்கு 12 ஆகவே வந்தது. அங்கே நள்ளிரவு என்றால் யூடிசியில் அதே நாள் விடியற்காலை. அவன் ஊரில் இருந்து எழுதுகிற ஒருவர் இந்தப் பிழையைக் காணாமலே ஆண்டுக்கணக்கில் இருந்துவிடலாம்.

வெட்டுவதற்கு முந்திய முழு எழுத்துகளும் வழங்கியின் பதிவுக் கோப்பில் பெரும்பாலும் இருந்தன. அதைத் திறந்து பார்த்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எல்லோருக்கும் முதல் நாள் 18:30 என்று இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். ஆனால் 1997, 1999, 2003 என்று பிறந்த பிள்ளைகளுக்கு 18:00. 1996 ஜூன், ஜூலையில் பிறந்த சிலருக்கு 17:30. 1943இல் பிறந்த ஓர் ஐயாவுக்கும் 17:30.

கணினிகள் எல்லாம் பார்த்து நடக்கிற உலக நேர வலயத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. எந்த நாடு எப்போது மணிக்கூட்டை மாற்றியது என்று தன்னார்வலர்கள் சேர்த்து வைக்கிறார்கள். இலங்கைக்கு அதில் இருப்பது ஒரே ஒரு பதிவு, கொழும்பின் பெயரில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேரத்தை முன்னே தள்ளியது அதில் உண்டு, ஐயாவின் 17:30 அங்கிருந்து வந்தது. அடுத்தது 1996 மே 25. மின் நெருக்கடி காரணமாக நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். யூடிசியிலிருந்து ஆறு மணித்தியாலம் முன்னே என்ற அந்தக் கணக்கு 2006 ஏப்ரல் 15 வரை இருந்தது. பிறகு பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம்.

திரும்பினோம் என்று எழுதுகிறேன். வன்னியில் நாங்கள் போகவே இல்லை. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. ஐந்தரையே ஓடியது. அந்தத் தரவுத்தளத்தின் ஆசியக் கோப்பிலேயே 2006 ஏப்ரல் ரொய்ட்டர்ஸ் செய்தியை மேற்கோள் காட்டி இதைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். குறிப்பாக மட்டும்தான். கணக்கில் வன்னிக்கென்று தனி வரி இல்லை.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு அப்பா என்னை முதன்முறை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓமந்தை தாண்டியதும் கைமணிக்கூட்டின் திருகைப் பிடித்து அரை மணித்தியாலம் முன்னே தள்ளினார். திரும்பி வரும்போது பின்னே. ஏன் அப்பா என்று கேட்டதற்கு, "அங்க புதிய நேரம், இஞ்ச பழைய நேரம்" என்றார். ஒரு பஸ் ஓட்டத்துக்குள் இரண்டு நேரம் இருப்பது எனக்கு அன்று பெரிய புதினம்.

அந்த ஆறு மணித்தியாலக் கணக்கு இருந்த காலத்தில் வன்னியில் ஒரு பிள்ளை இரவு 11:45க்குப் பிறந்திருந்தால், அதே கணம் கொழும்பில் அடுத்த நாள் 12:15. பிள்ளையின் பிறந்த நாள் எது? மருத்துவிச்சி தன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதிய நாள். வேறு பதிலே இல்லை. கொழும்பின் கணக்கில் 1996 மே 25 நள்ளிரவு 12 மணி என்றொரு நேரம் இல்லை, 12 என்று வரவேண்டிய இடத்தில் நேரே 1 மணி. அந்தத் திகதியில் பிறந்தவரைப் பதிந்தால் சில நிரல் நூலகங்கள் அப்படியொரு நேரம் கிடையாது என்று பிழை காட்டி நின்றுவிடும். வன்னியில் அந்த நள்ளிரவு இருந்தது. சனம் குப்பிவிளக்கு வெளிச்சத்தில் அந்த ஒரு மணித்தியாலத்தை வாழ்ந்தது.

பிறந்த திகதிக்கு நேர வலயம் கிடையாது. அது ஓர் ஆண்டு, ஒரு மாதம், ஒரு நாள். மூன்று எண். நேரப் புள்ளியாக அதை எங்கேயும் மாற்றக் கூடாது. படிவத்திலிருந்து 1975, 5, 12 என்று எழுத்தாகவே போக வேண்டும், தரவுத்தளத்திலும் நேரம் ஒட்டாத திகதியாகவே இருக்க வேண்டும். உலாவியின் சொந்தத் திகதிப் பெட்டியை நேரடியாகப் பயன்படுத்தினால், திரையில் எந்த ஒழுங்கில் காட்டினாலும் உள்ளே தருவது ஆண்டு-மாதம்-நாள் என்ற எழுத்துத்தான். அதை அப்படியே எடுத்து அனுப்பியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

அப்புறம், அந்த மூன்று எண்ணும் நாட்காட்டியில் உள்ள நாளா என்று பார்க்கிற வேலை. இங்கே நான் கண்ட ஆபத்து, மொழிகள் கேட்காமலே திருத்திவிடுவது. ஜாவாஸ்கிரிப்டிடம் 2023 பெப்ரவரி 31 என்று கொடுத்தால் மறுப்புச் சொல்லாமல் மார்ச் 3 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தை வேறு 0இலிருந்து எண்ணும். எழுத்தாகக் கொடுத்தால் ஓர் உலாவி ஏற்கும், இன்னொன்று மறுக்கும். ஆண்டு இடத்தில் 24 என்று எண்ணைக் கொடுத்தால் 1924 என்று எடுக்கும். 2024இல் பிறந்த ஒரு குழந்தை என் சோதனைப் பட்டியலில் நூறு வயதைத் தாண்டி நின்றது அப்படித்தான். வழங்கியில் ஓடுகிற பிஎச்பி மொழியில் செக்டேட் என்ற செயற்கூறு நேர்மையாக ஆம், இல்லை என்று சொல்லும். அதற்கு மாதத்தை முதலில் கொடுக்க வேண்டும், நாளை அடுத்ததாக. அதே பிஎச்பியில் வடிவம் சொல்லித் திகதி உருவாக்கும் வழியில் போனால் அதுவும் பெப்ரவரி 31ஐ மார்ச்சுக்குத் தள்ளிவிட்டு, எச்சரிக்கையை மட்டும் ஒரு மூலையில் எழுதி வைக்கும். நாமாகப் போய்க் கேட்டால்தான் அது தெரியும்.

எந்த மொழியிலும் ஓடுகிற ஒரு வழி இருக்கிறது. மூன்று எண்ணையும் தனித்தனியாக எடுத்து, யூடிசியில் ஒரு திகதி கட்டி, கட்டிய திகதியிடமே உன் ஆண்டென்ன, மாதமென்ன, நாளென்ன என்று திருப்பிக் கேட்பது. கொடுத்ததும் வந்ததும் ஒன்றென்றால் அந்த நாள் உண்டு. 31 கொடுத்து 3 வந்தால் இல்லை. நான்கால் வகுபட்டால் லீப், நூறால் வகுபட்டால் இல்லை, நானூறால் வகுபட்டால் உண்டு என்கிற விதியை (1900 லீப் இல்லை, 2000 லீப்) நாம் எழுத வேண்டியதில்லை, அந்தச் சுற்றுக்குள்ளேயே அது அடங்கிவிடும். இதை வழங்கியிலும் செய்ய வேண்டும். உலாவியில் செய்வது நிரப்புகிறவருக்கு உடனே சொல்வதற்காக.

நாட்காட்டியில் இருக்கிற நாள்தான், ஆனால் பிழையான நாள் என்றால் என்ன செய்வது? 05/07 என்று ஒருவர் எழுதினால் ஜூலை 5ஆ, மே 7ஆ? நாமெல்லாம் நாளை முதலில் எழுதுகிறவர்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்திருக்கிற உலாவி மாதத்தை முதலில் கேட்கும். பிஎச்பி தானாக வாசிக்கும்போது சாய்கோடு இருந்தால் மாதம் முதல், சிறுகோடு இருந்தால் நாள் முதல் என்று எடுக்கும். ஒரே எண்கள், நடுவில் உள்ள கோட்டைப் பொறுத்து இரண்டு வேறு நாட்கள். இப்படி மாறிப் போகக்கூடிய நாட்கள் ஆண்டுக்கு 132. பன்னிரண்டு மாதத்திலும் முதல் பன்னிரண்டு நாளை எடுத்தால் 144, அதில் 1/1, 2/2 போன்ற பன்னிரண்டும் மாற்றினாலும் மாறாதவை. இந்த 132இலும் எந்தச் சரிபார்ப்பும் பிழையைக் கண்டுபிடிக்காது. அதனால் ஒற்றைப் பெட்டியை எடுத்துவிட்டு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டி வைத்தேன். மாதத்தை எண்ணாக விடாமல் பெயராகத் தெரிவு செய்யச் சொன்னேன்.

பெயர் வைத்ததில் நம் ஊருக்கே உரிய ஒரு பிழை விட்டேன். தமிழ்ப் படிவம் என்பதால் தை, மாசி, பங்குனி, சித்திரை என்று போட்டேன். ஜனவரியைத் தை என்றும் மே மாதத்தை வைகாசி என்றும் சொல்வது எங்கள் வழக்கம்தானே. ஆனால் பிறப்புச் சான்றிதழ் தொலைந்த வீடுகளில் கையில் இருப்பது சாதகக் குறிப்பு. அதில் ரக்தாட்சி ஆண்டு வைகாசி 12 என்று எழுதியிருந்தால் அது 1984 மே 12 ஆகாது, மே 25 அளவில் வரும். படிவத்தில் வைகாசியும் இருக்கிறது, 12ம் இருக்கிறது, சாதகத்திலும் அப்படியே இருக்கிறது. நிரப்புகிறவர் சரியாகத்தான் நிரப்புகிறார். இன்னொன்றும் உண்டு. சாதகத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். செவ்வாய்க்கிழமை விடியப்புறம் இரண்டு மணிக்குப் பிறந்த பிள்ளைக்குச் சாதகம் திங்கட்கிழமை என்றுதான் சொல்லும். இப்போது என் படிவத்தில் "மே (5ஆம் மாதம்)" என்று இருக்கிறது. பக்கத்தில், திகதி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு கேள்வி: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதகம், வாய்மொழி.

வாய்மொழி என்பதை நான் முதலில் வைக்கவில்லை. அதை வைக்க வைத்தவர் ஒட்டுசுட்டான் பக்கத்து ஆச்சி ஒருவர். பதிவுகளைத் திருத்துவதற்காக அந்தப் பக்கம் போனபோது அவரின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். 48501. 1948 ஜனவரி 1. அட்டையில் பெண்களுக்கு 501 என்றும் ஆண்களுக்கு 001 என்றும் அந்தப் பட்டியலில் அடிக்கடி கண்டிருந்தேன்.

"ஆச்சி, தை முதலாந் திகதியோ பிறந்தனீங்கள்?"

"ஆர் கண்டது மோனை. வற்றாப்பளைப் பொங்கல் முடிஞ்ச கையோட நான் பிறந்தனான் எண்டு அம்மா சொல்லுவா. அந்தக் காலத்தில பதியேல்ல. பிறகு விதானையார் தை ஒண்டு எண்டு எழுதிவிட்டவர்." கொஞ்சம் பொறுத்து, "அதை மாத்திப் போடாதை தம்பி. எல்லாக் கடுதாசியிலயும் அதுதான் கிடக்கு" என்றார்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் வருவது. ஆங்கிலத் திகதி ஆண்டுக்காண்டு மாறும். அம்மா சொன்னதை வைத்து ஒரு திகதி எழுதவும் முடியாது, அது பொய்யும் இல்லை. என் பழைய படிவத்தில் நாளும் மாதமும் கட்டாயம். நாள் தெரியாத மனிதர் ஒருவர் அதற்குள் போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு நாளைச் சொல்லியே ஆகவேண்டும். அப்படி ஒரு படிவம் கேட்டுக் கேட்டுத்தான் தை ஒன்று இத்தனை பேருக்கு வந்திருக்கிறது. நானும் அதையே செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு மிகவும் உறுத்தியது.

இப்போது ஆண்டு, மாதம், நாள் மூன்றும் தரவுத்தளத்தில் தனித்தனி நெடுவரிசைகளில் நிற்கின்றன. மாதமும் நாளும் வெறுமையாக இருக்கலாம். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் மாதத்தையும் நாளையும் சுழியமாகப் போட்டு 1948-00-00 என்று ஒரே திகதியாக வைக்கவும் வழி உண்டு, ஆனால் கண்டிப்பான அமைப்பில் அதை மறுத்துவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாதம் கொடுத்தால் 1 முதல் 12க்குள் இருக்க வேண்டும், நாள் கொடுத்தால் மாதமும் இருக்க வேண்டும், மூன்றும் இருந்தால் முழுச் சோதனை. ஆண்டு மட்டும் இருந்தால் நிரல் வயதை இரண்டாகக் காட்டும், 75 அல்லது 76 என்று. எல்லையில் நிற்கிறவருக்கு எது என்று சங்கத்தின் ஆட்கள் இருந்து பேசித் தீர்மானிக்கட்டும். கடுதாசியில் உள்ள திகதிக்கு ஓர் இடம், வீட்டில் சொல்வதற்கு இன்னோர் இடம். ஆச்சியின் பதிவில் 1948 ஜனவரி 1 அப்படியே இருக்கிறது. அதன் கீழே, அவர் சொன்னபடி, வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு என்று இருக்கிறது.

பிழைச் செய்திகளையும் மாற்றினேன். "தவறான உள்ளீடு" என்று சிவப்பில் வந்தால், பள்ளிக்கூடம் போகாத ஒருவருக்காக நிரப்புகிற பேரப்பிள்ளை பயந்துபோய்க் கைக்கு வந்த திகதியைப் போட்டுவிடும். இப்போது "1975 பெப்ரவரியில் 28 நாட்கள்தான் உள்ளன. நாளைப் பார்த்து மாற்றுங்கள். நாள் தெரியாவிட்டால் வெறுமையாக விடலாம்" என்று வருகிறது.

பழைய பதிவுகளுக்கு எல்லாம் ஒரு நாளைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று சொன்னார்கள். முடியாது. திருத்துவதற்காகத் திறந்து மறுபடி சேமித்த பதிவுகளில் நாட்காட்டிப் பெட்டி திரும்பவும் நள்ளிரவாக்கி இன்னொரு நாளைக் குறைத்திருக்கிறது. ஒப்பீட்டில் ஒழுங்குக்கு வராத அந்த ஒன்றிரண்டு பேர் அவர்கள்தான். பெரியவர்களுக்கு அட்டை இலக்கம் இருக்கிறது, அதை வைத்துத் திருத்திவிட்டேன். சிறுவர் சேமிப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு அட்டை இல்லை, முதல் சில வாரங்களின் பதிவுக் கோப்பும் இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சான்றிதழைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இன்னும் பதினான்கு பிள்ளைகள் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கச்சியும் வருகிறாள், எந்த ஒழுங்கை என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.